அட்டை எழுதித் தந்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் பள்ளியின் வரலாற்றுக் கண்காட்சி முடிந்து பத்து நாள் ஆகிவிட்டது. பலகைகளைக் கழற்றி, கடன் வாங்கிய மேசைகளைத் திருப்பிக் கொடுத்து, இப்போதுதான் உட்கார நேரம் கிடைத்தது. அந்த மூன்று நாள் பரபரப்பில் பாதிப் பேரிடம் "அப்புறம் பேசுவோம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்த அப்புறம்தான் இந்த மடல்.

முதல் நன்றி, என் திட்டத்தைக் கெடுத்த நூலகர் ஐயாவுக்கு. புரட்சி, போர், மதச்சண்டை என்று மூன்று தலைப்பு போட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழே மன்னர்கள், தளபதிகள், உடன்படிக்கைகள் என்று ஒரு பட்டியலோடு அவரிடம் போனேன். படித்துவிட்டு, "எல்லாம் சரி சார், இதில் செருப்புத் தைக்கிறவர் எங்கே?" என்று கேட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. மறுவாரம் செருப்புத் தைக்கிற ஒருவரையே கொண்டுவந்து என் முன்னால் நிறுத்திவிட்டார். பெயர் ஹான்ஸ் ஹேபர்லே. ஜெர்மனியில் உல்ம் நகருக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர். 1618இல் வால்நட்சத்திரத்தைப் பார்த்து, ஏதோ பெரிதாக நடக்கப்போகிறது என்று நோட்டு எழுத ஆரம்பித்தவர். முப்பதாண்டுப் போர் முழுக்க எழுதினார். படை வருகிறது என்று செய்தி வந்தால் குடும்பத்தோடு உல்ம் மதிலுக்குள் ஓடுவார். படை போனதும் திரும்புவார். இப்படி ஏறக்குறைய 30 தடவை. தன் மதத்தைச் சேர்ந்த படை வந்தாலும் கொள்ளை கொள்ளைதான். கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டன்டுகளுக்கும் நடந்தது என்று நான் ஒரே பத்தியில் எழுதிவைத்திருந்த போர், அவருக்கு மூட்டை கட்டுவதும் அவிழ்ப்பதுமாகவே போயிருக்கிறது. பட்டியலை அன்றைக்கே கிழித்துப் போட்டேன்.

அந்த நோட்டைத் தமிழில் சொல்லித் தந்த ஜெர்மன் தெரிந்த அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பதினான்கு இரவு தொலைபேசியில் உட்கார்ந்திருந்தார். அதோடு நிற்காமல் இன்னொருவரையும் கூட்டிவந்தார். அதே போரில் கூலிச் சிப்பாயாக இருந்த ஒருவரின் நாட்குறிப்பு. முதல் பக்கங்கள் தொலைந்துபோய், எழுதியது யார் என்றே தெரியாமல் கிடந்தது. பீட்டர் ஹாகென்டார்ஃப் என்று ஆராய்ச்சியாளர்கள் பிற்பாடு கண்டுபிடித்தார்கள். 1631இல் மாக்டெபர்க் நகரத்தைத் தாக்கியபோது இவருக்குக் குண்டடி. காயத்துக்குக் கட்டுப்போடத் துணி தேடி இவருடைய மனைவி, எரிந்துகொண்டிருந்த அந்த ஊருக்குள்ளேயே போயிருக்கிறார். ஊரை எரித்த தரப்பைச் சேர்ந்த குடும்பத்தை எதற்குப் பலகையில் ஏற்ற வேண்டும் என்று நான் மறுத்தேன். "அவளும் ஜனம்தானே, தம்பி" என்றார் அக்கா. மூன்று நாள் பேசவே இல்லை. கடைசியில் ஏற்றினோம். இன்னும் எனக்கு அதில் முழு மனசு இல்லை, ஆனால் அந்தப் பலகையின் முன்னால்தான் கூட்டம் அதிகம் நின்றது.

ஒன்பதாம் வகுப்பில் படம் வரைந்த பிள்ளைகளுக்கும் நன்றி. பிரான்சில் பதினான்காம் லூயி காலத்தில், 1681இலிருந்து, புராட்டஸ்டன்டு குடும்பங்களை மதம் மாற்ற ஒரு வழி வைத்திருந்தார்கள்: வீட்டுக்குள் சிப்பாய்களைக் கொண்டுவந்து தங்கவைப்பது. சாப்பாடு போட வேண்டும், படுக்கை தர வேண்டும், அவர்கள் செய்வதையெல்லாம் பொறுத்துக்கொள்ள வேண்டும். மதம் மாறினால் சிப்பாய்கள் போய்விடுவார்கள். அதுவரை அவர்களுக்கு இருந்த பாதுகாப்பையும் 1685இல் சட்டமே பறித்துக்கொண்டது. சுமார் இரண்டு லட்சம் பேர் நாட்டை விட்டு ஓடினார்கள். இதை எப்படி வரைவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது, ஒரு பெண் சமையல்கட்டை மட்டும் வரைந்து கொண்டுவந்தாள். அடுப்பு, அதற்கு முன்னால் ஒரு குழந்தை முக்காலி, முக்காலிமேல் சேறு படிந்த இரண்டு பூட்ஸ். ஆள் யாரும் இல்லை. அதற்குப் பக்கத்தில் நான் எழுதிய இரண்டு பத்தியை நானே எடுத்துவிட்டேன்.

புரட்சிப் பலகைக்காகச் சண்டை போட்ட நண்பருக்குத் தனியாக ஒரு நன்றி. நான் முழுக்கப் பசியையே எழுதியிருந்தேன். 1789 அக்டோபர் 5, ரொட்டி கேட்டுப் பாரிஸிலிருந்து வெர்சாய் அரண்மனை வரை மழையில் நடந்த பெண்கள்; 1917 மார்ச் 8, ரஷ்யாவின் பெட்ரோகிராடில் ரொட்டி கேட்டு வீதிக்கு வந்த பெண்கள். "இப்படியே விட்டால், பேசாமல் பழையபடி இருந்திருக்கலாம் என்று பிள்ளைகள் நினைக்கும். பழையது யாருக்கு நன்றாக இருந்தது?" என்று பிடித்துக்கொண்டார். நியாயம்தான். 1789 ஆகஸ்ட் 4 இரவு நிலப்பிரபுக்களின் தனியுரிமைகளைத் தூக்கியெறியத் தீர்மானித்ததை அவரே எழுதித் தந்தார். பதிலுக்கு நான் பிரெஞ்சுப் புரட்சி நாட்காட்டியைச் சேர்த்தேன். வாரத்துக்குப் பத்து நாள் என்று மாற்றியதில், ஏழு நாளுக்கு ஒரு முறை கிடைத்த ஓய்வு பத்து நாளுக்கு ஒரு முறை ஆனது. உழைக்கிறவர்களைக் கேட்டா மாற்றினார்கள்? 1806இன் முதல் நாளோடு அதைக் கைவிட்டார்கள். பிள்ளைகள் ரொம்ப ரசித்தது இதைத்தான்.

அச்சில் ஒரு விபரீதம் நடக்க இருந்தது. 1949 என்பது 1994 என்று வந்துவிட்டது. அச்சகத்தின் மேல் பழி போடலாம், ஆனால் மெய்ப்பில் கையெழுத்துப் போட்டது நான். முந்தின நாள் இரவு சும்மா பார்க்க வந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியை அம்மாதான் கண்டுபிடித்தார். அந்த ஒரு ஆண்டில்தான் அந்தப் பலகையே நின்றது. முதல் உலகப்போரின்போது, 1914இல், செஞ்சிலுவைக் குழு ஜெனீவாவில் கைதிகளைத் தேடித்தர ஒரு அலுவலகம் திறந்தது. அப்போதைய ஜெனீவா உடன்படிக்கைகள் பேசியதெல்லாம் சிப்பாய்களைப் பற்றி. போரில் மாட்டிக்கொண்ட சாதாரண ஜனத்துக்கு அதில் இடம் இல்லை. அப்படியும் ஃபிரெடெரிக் ஃபெரியேர் என்ற மருத்துவர், காணாமல்போன பொதுமக்களுக்காக அங்கே ஒரு தனிப் பிரிவை நடத்தினார். பொதுமக்களுக்கென்றே ஓர் உடன்படிக்கை வந்தது 1949இல்தான். இலக்கம் இடம் மாறியதில் இன்னும் 45 வருஷம் அவர்களைக் காக்கவைத்திருப்பேன். அம்மா, நீங்கள் வெள்ளைத் தாள் வெட்டி ஒட்டிய இடம் யார் கண்ணிலும் படவில்லை.

அந்த ஜெனீவா அலுவலகத்தில் தன்னார்வலர்கள் சேர்த்த அட்டைகள் சுமார் 70 லட்சம். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். யாரைத் தேடுகிறார்கள், தேடுவது யார் என்று ஒவ்வொன்றாகக் கையால் எழுதியும் தட்டச்சு செய்தும் அடுக்கியிருக்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் வாசலில் வெற்று அட்டைகளையும் ஒரு பெட்டியையும் வைத்தோம். போரிலோ கலவரத்திலோ உங்கள் குடும்பம் தொலைத்த ஒருவர் இருந்தால் எழுதுங்கள் என்று மட்டும் சொன்னோம். பத்து இருபது வந்தால் பெரிது என்று நினைத்தேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஒரு பெரியவர் வந்தார். பெயரை எழுதி, அழித்து, மறுபடி எழுதினார். மூன்று சுழி 'ண'வா, இரண்டு சுழி 'ன'வா என்று சந்தேகம். அங்கேயே நின்று தன் அக்காவுக்குத் தொலைபேசியில் கேட்டார். அவருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. "கேட்க இப்போ யாருமில்லையேடா" என்று அந்தப் பக்கம் சொன்னது எனக்கே கேட்டது. கடைசியில் இரண்டு விதமாகவும் எழுதி, நடுவில் ஒரு கோடு போட்டுப் பெட்டியில் போட்டார்.

மொத்தம் 214 அட்டைகள். எழுதிய எல்லோருக்கும் நன்றி. பெட்டி என் மேசைமேல் இருக்கிறது. திரும்ப வேண்டும் என்பவர்கள் எந்த நாளும் வந்து வாங்கிக்கொள்ளலாம். மூன்று அட்டைகளில் கையெழுத்து புரியவில்லை. எழுதியவர்கள் வந்து வாசித்துக் காட்டினால் பக்கத்தில் குறித்து வைத்துக்கொள்வேன்.

அப்புறம், இரண்டு விதமாகவும் எழுதிய ஐயா, உங்கள் மூக்குக்கண்ணாடியை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது.