பொடி டப்பா கேட்ட பேராசிரியர்

பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது.

போனில் நீ அழுததைக் கேட்டபின் ராத்திரி தூக்கமே இல்லை. நீ ராப்பகலாகச் செய்த வேலையைக் கூட இருந்தவரே தன் பேரில் போட்டுக்கொண்டால் யாருக்குத்தான் வயிறு எரியாது? ஆறுதல் சொல்ல எனக்கு வராதும்மா. நீ இருக்கும் ஸ்பெயின் நாட்டுச் சலமாங்காவில் அந்தக் காலத்தில் வாழ்ந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

பல்கலைக்கழக வாசலில் நிற்கும் சிலையைப் படம் எடுத்து அனுப்பினாயே, அந்த லூயிஸ் தெ லெயோன்தான். துறவி, இறையியல் பேராசிரியர், கவிஞர். ஒரு கன்னியாஸ்திரி படிப்பதற்காக, பைபிளில் உள்ள உன்னதப்பாட்டு என்ற காதல் பாட்டை ஸ்பானிய மொழியில் பெயர்த்துக் கொடுத்தார். அது கைமாறிக் கைமாறி ஊரெல்லாம் போய்விட்டது. லத்தீன் பைபிளில் பிழை உண்டு, எபிரேய மூலத்தைப் பாருங்கள் என்றும் சொல்லிவந்தார். இதெல்லாம் மதக் குற்றம் என்று கூட வேலை பார்த்த பேராசிரியர்களே போட்டுக்கொடுத்தார்கள். 1572 மார்ச்சில் கத்தோலிக்கத் திருச்சபையின் மத விசாரணை மன்றம் பிடித்து வயதோலித் சிறையில் அடைத்தது. 1576 டிசம்பரில்தான் விட்டது.

திரும்பி வந்து, ‘நேற்று சொன்னதுபோல...’ என்று பாடத்தைத் தொடர்ந்தாராம். எல்லோரும் சொல்லும் கதை. எனக்கு நம்பிக்கை இல்லை. அவர் இறந்து பல வருஷம் கழித்துத்தான் அதை எழுதி வைத்தார்கள். அவர் பேரில் உள்ள ஒரு சின்னக் கவிதையோ, ‘பொறாமையும் பொய்யும் என்னை இங்கே அடைத்து வைத்தன’ என்று தொடங்குகிறது. வலித்தது, சொல்லிவிட்டார். இதைத்தான் நம்ப முடிகிறது.

சிறைக்குள் சும்மாவும் இருக்கவில்லை. குற்றச்சாட்டு ஒவ்வொன்றுக்கும் தன் கையாலேயே பதில் எழுதிக் கொடுத்தார். நீயும் தேதி போட்டு எல்லாவற்றையும் எழுதி வை.

எனக்கு ரொம்பப் பிடித்தது, உள்ளே போன கையோடு அவர் கேட்ட சாமான்கள். மாதா படம் அல்லது சிலுவை ஒன்று, சில புத்தகங்கள், சாப்பாட்டை நறுக்க ஒரு கத்தி. அப்புறம் ஒரு டப்பா பொடி! மனச்சோர்வுக்கும் நெஞ்சுப் படபடப்புக்கும் அவர் வழக்கமாகச் சாப்பிடுவது. மாத்ரிகல் என்ற ஊர் மடத்தில் ஒரு கன்னியாஸ்திரிக்கு மட்டும்தான் அதைச் செய்யத் தெரியுமாம். உயிர் போகுமோ என்ற நேரத்தில் இவ்வளவு விவரமாகக் கேட்டிருக்கிறார், பார்.

இதைப் படித்துக் காட்டியதும் உன் அம்மா, “அனுப்பின அங்காயப்பொடி அப்படியே கிடக்கிறதாமே” என்றாள். பார்சலை இன்றைக்காவது பிரி. சோறு வடித்து, நெய் விட்டுப் பிசைந்து சாப்பிட்டுவிட்டுப் போன் பண்ணு.

அப்பா