பிடியரிசிப் பானை

பிரியமுள்ள சிநேகிதிக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. மூட்டுவலி என்று சாக்குச் சொல்லலாம்; சோம்பேறித்தனம்தான். உன் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். இனிமேல் பாமாலைப் புத்தகத்தைக் கையை நீட்டிப் பிடித்துப் பாட வேண்டியதில்லை.

இங்கே நல்ல செய்தி, பேத்திக்கு அடுத்த மாதம் ஞானஸ்நானம். கோயில் விருந்தான அசனத்துக்கு முந்தின ஞாயிறு. என்ன பெயர் என்பதில் மகனும் மருமகளும் இன்னும் ஒத்துப்போகவில்லை. போதகர் ஐயர் கையில் பிள்ளையைக் கொடுக்கும்போதாவது முடிவு செய்வார்களா, பார்ப்போம்.

என் வீட்டுக்காரர் போன பிறகு எப்படி ஜெபிக்கிறாய் என்று கேட்டிருந்தாய். உன்னிடம் மறைப்பானேன்? 2023 ஆகஸ்டில் அடக்கம் முடிந்ததிலிருந்து எனக்கு ஜெபமே வரவில்லை. வந்தவர்கள் எல்லாரும் 'கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்' என்றார்கள். யோபு அதைத் தன் துக்கத்தில் சொன்னான், அடுத்த வீட்டுச் சாவுக்குப் போய்ச் சொல்லவில்லை. அவனுடைய சிநேகிதர்கள் செய்த ஒரே நல்ல காரியம், ஏழு நாள் இராப்பகல் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்ததுதான். வாயைத் திறந்தார்கள், எல்லாம் கெட்டது. நீ அன்றைக்கு ஒரு வசனமும் சொல்லாமல் அடுக்களையில் பாத்திரம் விளக்கிவிட்டுப் போனாய். மறக்கவில்லை ஏட்டி.

ஜெபம் நின்றதே தவிர, பிடியரிசி நிற்கவில்லை. உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்து வேதக்கோயிலுக்கென்று தனிப்பானையில் போடுவது அம்மா காலத்துப் பழக்கம் அல்லவா, கை தன்பாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு நாள் ஆண்டவர்மேல் கோபத்தில் 'இவருக்கு எதற்கு அரிசி' என்று போடாமல் விட்டேன். சோறு இறங்கவில்லை. ராத்திரி எழுந்து இரண்டு பிடியாகப் போட்டேன்.

அப்புறம் டிசம்பர் மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நகர முடியாமல் நின்றுபோய்ச் சனங்கள் தவித்தார்கள். எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். மேட்டில் இருக்கிற கோயிலில்தான் ஊரே படுத்தது, எந்தச் சாமி கும்பிடுகிறவர் என்று யாரும் கேட்கவில்லை. கரண்ட் இல்லை, கடை இல்லை. கோயில் ஊழியரான உபதேசியார் பிடியரிசி மூட்டையை அவிழ்த்தார். மூன்று நாளும் அந்தக் கஞ்சிதான். அதை வாங்கிக் குடித்தபோதுதான் நாலு மாதத்துக்குப் பிறகு கர்த்தரிடம் பேச வாய் வந்தது. என்ன பேசினேன் தெரியுமா? 'ஆண்டவரே, உப்பு குறைவு.' பக்கத்தில் இருந்தவள் சிரித்துவிட்டாள்.

ஒரு வாரத்தில் கிறிஸ்துமஸ். புதுத்துணி, பலகாரம் ஒன்றும் கிடையாது. விடியற்காலை ஆராதனைக்கு ஈரவாடை வீசுகிற உடுப்போடு போய் நின்றோம். இரண்டாவது பாட்டில் வீட்டுக்காரர் ஞாபகம் வந்து அழுதேன், ஆனால் பாட்டை நிறுத்தவில்லை.

இப்போதும் சில நாள் ஜெபிக்கிறேன், சில நாள் அரிசி மட்டும் போடுகிறேன்.

ஒரு வாரம் தங்குகிற மாதிரி வா, அசனமும் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். எந்த ரயில் என்று எழுது, மகனை ஸ்டேஷனுக்கு அனுப்புகிறேன்.

உன் பிரியமுள்ள,
பழைய பெஞ்சுக்காரி