குழாயடி அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

கடைசியாகப் படுத்திருந்த பிள்ளையும் எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டதாகச் சேதி வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் எங்களுக்கு எழுதவே கை வந்தது. எங்கள் இளையோர் கூட்டத்துப் பிள்ளைகளிடையே வாந்தி, பேதி பரவியது உங்களுக்குத் தெரியும், அதை மறுபடி விவரிக்கப் போவதில்லை. யார் என்ன செய்தார்கள் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதலில் அக்கா. இளையோர் கூட்டம் நடக்கும் மண்டபத்தைத் துப்புரவு செய்பவர். பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அதனால் அக்கா என்றே எழுதுகிறோம். பிள்ளைகள் கை கழுவுவதில்லை என்று ஆளாளுக்குப் புலம்பிக்கொண்டிருந்தபோது, குழாயடியில் நின்று பார்த்துவிட்டு வந்து அவர் சொன்னது இவ்வளவுதான்: "பிள்ளைங்களைத் திட்டாதீங்க. கழுவ நேரம் இருக்கான்னு பாருங்க."

கணக்குப் போட்டால் அவர் சொன்னது அப்படியே சரி. கையை நனைத்து, சோப்புப் போட்டு, 20 விநாடி தேய்த்து, அலசித் துடைக்க ஒருவருக்கு 40 முதல் 60 விநாடி ஆகும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவும் இதுதான். சராசரி 45 விநாடி என்று வைத்தால்கூட 40 பேர் ஒரே குழாயில் கழுவி முடிக்க அரை மணி நேரம். சாப்பாட்டு இடைவேளையே கால் மணி நேரம் என்றால் பாதிப் பேர் கழுவாமல்தான் உட்காருவார்கள். சுவரில் எத்தனை படம் ஒட்டினாலும் இது மாறாது. குழாய் நான்கானால் எட்டே நிமிடத்தில் வரிசை கரைந்துவிடும்.

கூடுதலாக வேண்டிய அந்த மூன்று குழாய்களுக்கான சாமான்களையும் அக்காவே கொண்டுவந்தார். யாரும் கேட்கவில்லை. கைப்பிடி உள்ள 5 லிட்டர் பிளாஸ்டிக் கேன்கள் மூன்று, கொஞ்சம் கயிறு, ஓர் ஆணி, கவட்டை உள்ள கம்புகள். காலால் மிதித்தால் தண்ணீர் வரும் குழாய் இது. ஜிம்பாப்வேயில் உருவாகி, குழாய்த் தண்ணீர் இல்லாத எத்தனையோ நாடுகளின் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்த எளிய ஏற்பாடு. அக்கா தானே கட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து அவர்கள் கையாலேயே கட்டவைத்தார். எங்கள் நன்றியில் பெரும்பங்கு அதற்குத்தான்.

எப்படிக் கட்டுவது என்று எங்களிடம் கேட்டவர்களுக்காக, அவர் சொல்லிக்கொடுத்ததை எழுதிவிடுகிறோம். கவட்டைக் கம்பு இரண்டை அரை மீட்டர் ஆழத்தில் ஊன்றி, கேனின் கைப்பிடிக்குள் நுழைத்த குறுக்குக் கம்பை அவற்றின் மேல் வையுங்கள். மூடியிலிருந்து சுமார் 12 செ.மீ. கீழே, கைப்பிடிக்கு எதிர்ப்பக்கத்தில், சூடு செய்த ஆணியால் ஒரு துளை. சூடு வேலை பெரியவர்களுடையது. மூடியிலும் ஒரு துளை போட்டு, கயிற்றை உள்ளே விட்டு முடிச்சுப் போட வேண்டும். கயிற்றின் மறுமுனை மிதிகட்டையின் ஒரு நுனியில். கட்டையின் அடுத்த நுனி தரையில் கிடக்கும். மிதித்தால் கேன் சாயும், தண்ணீர் நூலாக விழும். காலை எடுத்தால் கேன் தானே நிமிர்ந்துகொள்ளும்.

பிள்ளைகள் கட்டிய முதல் கேனில் தண்ணீர் மடமடவென்று கொட்டித் தீர்ந்தது: துளை பெரிது. இன்னொன்று சாயவே இல்லை: கயிறு நீளம் கூடி மிதிகட்டை முன்பே தரையைத் தொட்டுவிட்டது. மூன்றாவதில் கயிற்றை மூடியில் கட்டாமல் கழுத்தில் சுற்றியிருந்தார்கள், அது வழுக்கிக்கொண்டே போனது. ஒவ்வொன்றுக்கும் அக்கா வாயைத் திறக்காமல் நின்றார். ஏன் என்று அவர்களே கண்டுபிடிக்கும் வரை காத்திருந்தார். பயிற்றுநர்கள் பலருக்கும் வராத பொறுமை இது.

சோப்புக்கும் அவர் ஒரு வழி வைத்திருந்தார். தட்டில் வைத்த சோப்பு தண்ணீரில் ஊறிக் கூழாகிவிடும், யாரும் தொட மாட்டார்கள். நடுவில் துளையிட்டுக் கயிற்றில் தொங்கவிட்டால் காய்ந்து கிடக்கும், காணாமலும் போகாது. கீழே ஒரு சாண் ஆழத்துக்குச் சரளைக்கல் கொட்டினால் சேறும் கொசுவும் சேராது. காலால் மிதிப்பது எதற்கு என்று ஒரு சிறுவன் கேட்டான். "அழுக்குக் கையால தொறந்த குழாயை, கழுவுன கையால மூடினா என்ன ஆகும்?" என்று திருப்பிக் கேட்டார். அதற்கப்புறம் அவனே எல்லோருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

இப்போது ஒவ்வொரு கூட்டத்துக்கும் இரண்டு பிள்ளைகள் தண்ணீர்ப் பொறுப்பு. துளை மட்டம் வரை நிரப்புவது, கயிற்று முடிச்சைச் சோதிப்பது, சோப்பு கரைந்தால் மாற்றுவது. தாங்கள் கட்டிய குழாய் என்பதால் ஏவ வேண்டியதில்லை.

இனி மற்றவர்கள். ஒரே மூச்சில் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும்.

செவிலியர் அக்காவும் அவருடைய தோழியும் பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு தேக்கரண்டி கழுவக்கூடிய வண்ணத்தை உள்ளங்கையில் ஊற்றி, சோப்பு என்று நினைத்துத் தேய்க்கச் சொன்னார்கள். கண்ணைத் திறந்தால் கட்டைவிரல், விரல்நுனி, விரலிடுக்கு, புறங்கை எல்லாம் நிறமே படாமல் கிடந்தது. பாடம் அங்கேயே முடிந்தது. கிருமிநாசினித் திரவம் இருக்கிறதே என்று கேட்டவர்களுக்கும் அவர்கள்தான் பதில் சொன்னார்கள்: 60 சதவீத ஆல்கஹாலாவது இருந்தால் சளி, காய்ச்சல் கிருமிகளுக்கு ஓரளவு உதவும், வாந்தி, பேதியைப் பரப்பும் நோரோ வைரஸ் அதற்கு அவ்வளவாக அசையாது, சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும்.

மண்டபத்தில் யாராவது வாந்தி எடுத்தால் என்ன செய்வது என்று ஒத்திகை நடத்திய அண்ணனுக்கு நன்றி. பிள்ளைகளின் வேலை இரண்டே: விலகிப் போவது, பெரியவரைக் கூப்பிடுவது. பெரியவர் கையுறையும் முகக்கவசமும் போட்டு, ஜன்னலைத் திறந்து, காகிதத்தால் மூடி ஒற்றி எடுத்துப் பையில் கட்ட வேண்டும். துடைப்பத்தால் பெருக்கினால் இன்னும் பரவும். பிறகு 5 சதவீத பிளீச் திரவம் 100 மில்லியுடன் 900 மில்லி தண்ணீர் கலந்து, வெளிவட்டத்திலிருந்து உள்நோக்கித் துடைத்து, 10 நிமிடம் ஈரமாகவே விட வேண்டும். அன்றன்று கலப்பதுதான் வேலை செய்யும். கழிப்பறை ஆசிட்டோடு அதைச் சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

உப்புச் சர்க்கரைக் கரைசல் கலந்து கொடுத்தவர்கள், கரைசல் பொடிப் பாக்கெட்டை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், டம்ளரில் கொட்டக் கூடாது என்று வீடு வீடாகச் சொன்னவர்கள், எதிரெதிர் ஜன்னல்களின் துருப்பிடித்த கொக்கிகளைச் சரிசெய்து காற்று குறுக்கே ஓட வழி செய்தவர்கள், தண்ணீர் பாட்டில்களில் பெயர் எழுதி ஒட்டியவர்கள், ஆளாளுக்குக் கரண்டியை எடுக்காமல் ஒருவரே பரிமாறும்படி பார்த்துக்கொண்டவர்கள் என்று எல்லோரையும் நினைத்துக்கொள்கிறோம்.

வராத பிள்ளைகளுக்கு ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் போன் செய்து, இன்று இதைப் பேசினோம், நீ இல்லாமல் களையே இல்லை என்று சொல்லும் தாய் ஒருவர் இருக்கிறார். இதைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். உடம்பு சரியில்லாமலும் பிள்ளை கிளம்பி வருவது, தான் இல்லாமலே எல்லாம் நடந்துவிடும் என்ற பயத்தால்தான். காய்ச்சல் வந்தால், மருந்தில்லாமல் காய்ச்சல் விட்டு 24 மணி நேரம், வாந்தி, பேதி என்றால் கடைசியாகப் போனதிலிருந்து 48 மணி நேரம் வீட்டில் இருக்க வேண்டும் என்று விதி போடுவது சுலபம். நின்ற பிறகும் உடம்பிலிருந்து கிருமி வெளியேறிக்கொண்டிருக்கும் என்பதால்தான் அந்த 48 மணி நேரம். ஆனால் தேறிவிட்டதாகத் தோன்றும் பிள்ளையை இரண்டு நாள் வீட்டில் உட்காரவைப்பது அந்த போன்தான்.

அதனால் ஒரு முடிவெடுத்திருக்கிறோம். முழு வருகைக்கான பரிசு இனி கிடையாது. பரிசுக்காகக் காய்ச்சலை மறைத்து யாரும் வர வேண்டியதில்லை. உடம்பு சரியில்லை என்று முன்கூட்டிச் சொல்லி வராமல் இருப்பவருக்கு வந்ததாகவே பதிவு செய்வோம். சில பெற்றோருக்கு இதில் உடன்பாடில்லை என்பது தெரியும், வந்து பேசுங்கள்.

கடைசியாக ஒரு கோரிக்கை. பக்கத்துக் குழுவினரும் மிதிகுழாய் கட்டக் கேட்கிறார்கள், அக்கா சம்மதித்துவிட்டார். கைப்பிடியுள்ள 5 லிட்டர் கேன் வீட்டில் சும்மா கிடந்தால் கொடுங்கள். பூச்சிமருந்து, மண்ணெண்ணெய், ஆசிட் வைத்திருந்தது வேண்டாம், எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம். மூடியோடு கொடுங்கள். மூடியில்லாத கேன்கள் எங்களிடம் ஏற்கெனவே ஒரு மூலை நிறையக் கிடக்கின்றன.

நன்றியுடன்,
இளையோர் கூட்டப் பொறுப்பாளர்கள்