பட்டத்தை வாக்காளர் கேட்கட்டும், சட்டம் கேட்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் போட்டியிடுபவர் ஒரு பட்டமாவது பெற்றிருக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவரும்படி வாசகர் ஒருவர் தங்கள் நாளிதழில் எழுதியிருந்தார். அலுவலக உதவியாளர் வேலைக்கே எட்டாம் வகுப்புச் சான்றிதழ் கேட்கிறோம், அமைச்சராக வருபவருக்கு மட்டும் எதுவும் வேண்டாமா என்பது அவருடைய கேள்வி. தக்கலையில் நாங்கள் நாலைந்து பேர் காலையில் கூடும் தேநீர்க் கடையில் அக்கடிதத்தை வாசித்தபோது என்னைத் தவிர எல்லோரும் தலையசைத்தார்கள். ஊராட்சி அலுவலகத்தில் கால் நூற்றாண்டுக்கு மேல் கணக்கு எழுதி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், நான் ஏன் தலையசைக்கவில்லை என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

அவருடைய கேள்வி புதியதும் அல்ல, இலேசானதும் அல்ல. 1949 நவம்பர் 26 அன்று அரசியல் நிர்ணய சபையின் தலைவராக இருந்த இராஜேந்திர பிரசாத் தம் நிறைவுரையில் இதே குறையைச் சொன்னார்: சட்டத்தை நடைமுறைப்படுத்துவோருக்கு உயர்ந்த தகுதிகளை விதித்துவிட்டு, அச்சட்டத்தை இயற்றுவோருக்குத் தேர்தலில் வெல்வதைத் தவிர வேறு தகுதி வேண்டியதில்லை என்பது பொருந்தவில்லை என்றார். ஆனால் அவர் அத்தோடு நிறுத்தவில்லை. சட்டம் இயற்றுபவருக்கு அறிவைவிட நடுநிலையும் நல்லொழுக்கமும் வேண்டும், அவற்றை அளக்கும் கோல் நம்மிடம் இல்லை என்றும் சேர்த்துச் சொன்னார். முதல் பாதியை மேற்கோள் காட்டுபவர்கள் இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறார்கள். அரசியல் சாசனத்தின் 84-ஆம், 173-ஆம் பிரிவுகள் இன்றுவரை குடியுரிமையையும் வயதையும் கேட்கின்றனவே தவிர, படிப்பைக் கேட்கவில்லை.

1996-ல் ஊராட்சித் தேர்தல் நடந்தபோது எங்கள் ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டு, ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் தொழிலாளி ஒருவர் வென்று வந்தார். நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய், பாலெடுத்துச் சேர்த்துவிட்டுப் பத்தரை மணிக்கு அலுவலகம் வருவார். சேலையில் ஒட்டுப்பால் வாடை போயிருக்காது. தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் காசோலை செல்லும் என்பதால், அவர் வென்ற அன்று நான் உள்ளூரக் கவலைப்பட்டேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஒருநாள் குளத்தங்கரைச் சாலைக்குக் கட்டிய பக்கச்சுவருக்கான பில் வந்தது. ஊராட்சி ஒன்றியத்தில் எழுதி அனுப்பிய அளவுப் புத்தகத்தை அவர் என்னை வாசிக்கச் சொன்னார். நீளம் 45 மீட்டர், உயரம், அகலம் என்று வழக்கம்போல் ஒரே மூச்சில் வாசித்து முடித்தேன். "மக்களே, ஒருக்கா கூட வாசி" என்றார். வாசித்தேன். மீட்டரை அடியில் சொல்லச் சொன்னார். ஏறத்தாழ நூற்று நாற்பத்தெட்டு அடி என்றேன். அவர் சற்றுநேரம் விரலை மடக்கிக் கொண்டிருந்துவிட்டு, "அந்தச் சுவரு நிக்குற ஓரத்துல ஒம்பது மரம். எடைவெளி எட்டு. ஒண்ணுக்குப் பதினஞ்சு அடி வச்சுப் பாரு" என்றார். நூற்றிருபது அடி. அந்த வரிசை மரங்களில் பல ஆண்டுகள் பால் வெட்டியவர் அவர். மறுநாள் டேப்பைப் பிடித்து அளந்தோம். 37 மீட்டர்கூட முழுதாக வரவில்லை. பில் திருத்தி எழுதப்பட்டது. அதற்கு முன் எத்தனை பில்களை நான் ஒரே மூச்சில் வாசித்துக் கடத்தியிருப்பேன் என்று அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் பி.காம். படித்தவன்.

பின்னாளில் வந்த தலைவர் ஒருவர் முதுகலைப் பட்டதாரி. நல்ல மனிதர்தான், மேடையில் அழகாகப் பேசுவார். ஆனால் கோப்பைத் திறக்காமலே கடைசித் தாளைப் புரட்டிக் கையெழுத்திடுவார். கேட்டால் "அதை நீங்க பாத்துக்கிடுங்க சார்" என்பார். இதைக் கொண்டு படித்தவர்கள் எல்லாம் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். என் பணிக்காலத்தில் நான் கண்ட மிகச் சிறந்த தலைவர் ஒரு பொறியியல் பட்டயதாரி. படிப்பு அவருக்கு உதவியது, மற்றவருக்கு உதவவில்லை. கோப்பு புரியவில்லை என்றால் கூச்சமின்றிக் கேட்பதும், கேட்ட பதிலைத் தான் அறிந்த உலகத்தோடு ஒட்டிப் பார்ப்பதும் ஒரு பழக்கம். எந்தப் பல்கலைக்கழகமும் அதற்குச் சான்றிதழ் தருவதில்லை. ஊராட்சி வேறு, கோட்டை வேறு என்று சொல்லலாம். கோட்டையில் கோப்பு தடிமனாக இருக்கும், அவ்வளவுதான். அதைப் படித்துச் சொல்லவும் அங்கே ஆட்கள் அதிகம்.

படித்தவருக்குத் தனிச் சலுகை என்ற ஏற்பாட்டை நம் மாவட்டத்தார் ஏற்கெனவே ஒருமுறை பார்த்தவர்கள். நாம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த காலத்தில், 1904-ல் தொடங்கப்பட்ட ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, குறிப்பிட்ட அளவு நிலவரி கட்டுவோருக்கும், பட்டம் பெற்றுப் பத்தாண்டுகள் ஆனோருக்கும் போன்ற ஒரு சிறு கூட்டத்துக்கே இருந்தது. தோட்டத்தில் வேலை செய்தவருக்கும் கடலுக்குப் போனவருக்கும் அதில் இடமில்லை. அந்தச் சபையில் தாழ்த்தப்பட்ட மக்களுக்காகப் பேச அவர்களின் தலைவர் அய்யன்காளி வந்தது நியமனத்தின் வழியாகத்தான். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தம் சமூகத்துப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும், கட்டணச் சலுகை வேண்டும் என்று அவர் ஆண்டுக்கணக்கில் அங்கே கேட்டுக்கொண்டே இருந்தார். 1937-ல் காந்தியடிகள் அவருடைய ஊரான வெங்ஙானூருக்கு வந்தபோது, தாம் கண்மூடுமுன் தம் சமூகத்தில் பத்துப் பி.ஏ. பட்டதாரிகளைப் பார்க்க வேண்டும் என்பதே அய்யன்காளியின் ஆசையாக இருந்தது. படிப்பின் அருமை தெரியாதவர்தான் பட்டக் கட்டாயத்தை எதிர்ப்பார் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தப் பத்துப் பேரையும் கேட்கும் வாய் முதலில் சபைக்குள் போக வேண்டியிருந்தது.

காமராஜரைச் சொல்லி எதிராளியின் வாயை அடைப்பது எளிது; ஆனால் அப்படி ஒருவரை வைத்துச் சட்டம் பற்றி முடிவு செய்ய முடியாது என்ற மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஆகவே நான் அவரைப் பற்றிப் பேசாமல், அவரைத் தேர்ந்தெடுத்தவர்களைப் பற்றிப் பேசுகிறேன். நாகர்கோவில் மக்களவைத் தொகுதியில் 1962-ல் வென்றவர் மார்ஷல் நேசமணி. பட்டதாரி, வழக்கறிஞர், நம் மாவட்டம் 1956-ல் தாய்த் தமிழகத்தோடு இணையப் பாடுபட்டவர். 1968-ல் அவர் மறைந்த பின் 1969 சனவரியில் நடந்த இடைத்தேர்தலில், அதே தொகுதி மக்கள், ஆறாம் வகுப்பை ஒட்டிப் பள்ளியை விட்ட காமராஜரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1971-ல் மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள். 1975-ல் இறக்கும்போதும் அவர் நம் உறுப்பினர்தான். இத்தனைக்கும் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி 1893 முதல் நடந்துகொண்டிருந்த ஊர் இது. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம் என்று மாநிலத்திலேயே முதலிடத்தில் நின்ற மாவட்டம் இது. படிப்பை மதிக்கத் தெரிந்த அதே மக்கள் ஒருமுறை பட்டதாரியையும், மறுமுறை பட்டமில்லாதவரையும் எடை போட்டு அனுப்பினார்கள். பட்டக் கட்டாயம் இருந்திருந்தால் அந்த இரண்டாவது முடிவை எடுக்கும் உரிமை அவர்களுக்கு இருந்திருக்காது. கட்டுப்பாடு வேட்பாளருக்கு என்று சொல்கிறோம். உண்மையில் பறிபோவது வாக்காளரின் தேர்வு.

இத்தகைய சட்டங்கள் எங்கெங்கே வந்தன, என்ன ஆயின என்பதையும் பார்க்கலாம். 2015-ல் ஹரியானா அரசு ஊராட்சித் தேர்தலில் நிற்கப் பொதுப் பிரிவினருக்குப் பத்தாம் வகுப்பு, பெண்களுக்கும் பட்டியல் வகுப்பினருக்கும் எட்டாம் வகுப்பு என்று விதித்தது. உச்ச நீதிமன்றமும் அவ்வாண்டு டிசம்பரில் அதை ஏற்றுக்கொண்டது. அந்தச் சட்டத்தை நிறைவேற்றிய சட்டமன்ற உறுப்பினர்களுக்கு மட்டும் எந்தப் படிப்பும் கட்டாயமில்லை. இராஜஸ்தானில் இதே போன்ற விதி 2014-ல் வந்து 2019-ல் நீக்கப்பட்டது. எல்லைக்கு அப்பால், பாகிஸ்தானில் அதிபராக இருந்த முஷாரப் 2002 தேர்தலுக்கு நாடாளுமன்ற வேட்பாளர்களிடம் பட்டத்தையே கட்டாயமாகக் கேட்டார். மதரசாச் சான்றிதழும் பட்டத்துக்கு ஈடாக ஏற்கப்பட்டது. போலிப் பட்டங்கள் புற்றீசல்போலக் கிளம்பின. 2008-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவ்விதியைத் தள்ளிய பிறகும் போலிப் பட்ட வழக்குகள் ஓயவில்லை. பட்டம் பதவிக்கு நுழைவுச்சீட்டு ஆகிவிட்டால், அச்சீட்டை அச்சடிப்பவனும் வந்துவிடுவான்.

நம் மாநிலத்து வழக்கு ஒன்று பலருக்கு நினைவிருக்காது. சட்ட மேலவை இருந்த காலத்தில் பட்டதாரிகள் தொகுதி என்று ஒன்று உண்டு. வாக்களிக்கவே பட்டம் வேண்டும். சென்னைப் பட்டதாரிகள் தொகுதியில் பட்டம் பெறாத ஒருவர் வென்றது செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொன்னதை உச்ச நீதிமன்றம் 1972-ல் மாற்றி, வேட்பாளர் பட்டதாரியாக இருக்க வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. பட்டதாரிகளே சேர்ந்து பட்டமில்லாத ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம் என்றால், எல்லோரும் வாக்களிக்கும் தேர்தலில் அதைத் தடுப்பானேன்?

அதற்காக வேட்பாளரின் படிப்பு நமக்குத் தேவையற்ற செய்தி என்று சொல்லவில்லை. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளால் 2002, 2003 முதல் வேட்பாளர்கள் தம் கல்வித் தகுதியைச் சொத்து, வழக்கு விவரங்களோடு உறுதிமொழிப் பத்திரத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது. கல்வித் தகுதியைப் பொய்யாகக் காட்டிய மணிப்பூர்ச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் வெற்றி செல்லாது என்று 2016-ல் தீர்ப்பும் வந்தது. ஆனால் அப்பத்திரத்தில் பொய் சொன்னால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஏ பிரிவு தரும் உச்ச தண்டனை ஆறு மாதச் சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். வழக்கு முடிவதற்குள் பதவிக்காலமே முடிந்துவிடுகிறது. கடிதம் எழுதிய வாசகருக்கும் எனக்கும் உடன்பாடு வரக்கூடிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன்: தண்டனையைக் கூட்டச் சொல்லலாம், வழக்குக்குக் காலவரம்பு கேட்கலாம், ஒவ்வொரு வேட்பாளரின் பத்திரச் சுருக்கத்தையும் பெரிய எழுத்தில் தமிழில் அச்சிட்டு எல்லா வாக்குச்சாவடி வாசலிலும் ஒட்டும்படி தேர்தல் ஆணையத்துக்கு மனுப் போடலாம். அப்படி ஒரு மனு தயாரானால் முதல் கையெழுத்தை நான் போடுகிறேன், வாசித்துவிட்டு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஊராட்சி உதவியாளர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.