புக்கிட் ஜாலில் ஆட்டமும் கடைசிக் கொமுட்டரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

லாபு தோட்டப்புறத்திலிருந்து கோலாலம்பூரின் புக்கிட் ஜாலில் தேசிய அரங்கத்துக்குக் காற்பந்து பார்க்கப் போவது எளிது. கொமுட்டர் எனும் புறநகர் ரயிலில் பண்டார் தாசேக் செலாத்தான் நிலையம் வரை. அங்கே எல்ஆர்டி எனும் நகர இலகு ரயிலுக்கு மாறினால், சுங்கை பீசிக்கு அடுத்த நிலையம் புக்கிட் ஜாலில். பூப்பந்து உள்ளரங்கமும் அதே வளாகத்தில்தான்.

சிக்கல் திரும்பி வருவதில். இரவு 9 மணி ஆட்டம் முடிய 11 ஆகிவிடும். கூடுதல் நேரம், பினால்டி என்றால் கேட்கவே வேண்டாம். 80,000 பேருக்கு மேல் கொள்ளும் அரங்கம் காலியாகி நிலைய வாசலில் முட்டும்போது, முன்கூட்டியே பணம் ஏற்றும் டச் அண்ட் கோ பயண அட்டையில் காசில்லாதவர் இயந்திர வரிசையில் நின்றே கடைசி ரயிலைக் கோட்டைவிடுகிறார். திரும்பும் கட்டணத்தையும் மாலையிலேயே ஏற்றிவிடுங்கள்.

பெரிய ஆட்ட நாள்களில் சிரம்பான் வரை நள்ளிரவுக்குப் பின் ஒரு கொமுட்டர் விடக்கூடாதா?

காற்பந்து ரசிகர்கள்,
லாபு, நெகிரி செம்பிலான்