அது பெட்ரோல் குழாய் இல்லை, ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் பழைய படகு மோட்டார்களைப் பற்றிப் போட்டிருந்தீர்கள். கட்டுரை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஸ்காட்-அட்வாட்டர் என்ற அமெரிக்கக் கம்பெனியின் மோட்டார் படத்துக்குக் கீழே, அதிலிருந்து தொங்கும் தடித்த ரப்பர் குழாயைப் ‘பெட்ரோல் குழாய்’ என்று எழுதிவிட்டீர்கள். அது படகுக்குள் சேரும் தண்ணீரை உறிஞ்சி வெளியே தள்ளுகிற குழாய். கம்பெனிக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் பெயில்-எ-மேட்டிக், வந்தது 1954-இல். அந்த மோட்டார்கள் தயாரான மினியாபொலிஸில்தான் நான் பல வருடமாக இருக்கிறேன், ஒன்றை வாங்கி அதோடு மல்லுக்கட்டியும் வருகிறேன், அதனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

‘அந்தக் காலத்து மோட்டாருக்குப் படகைத் தள்ளுவது ஒன்றுதான் வேலை’ என்ற வரியும் சரியில்லை. படகு மோட்டாரில் எப்படியும் ஒரு பம்ப் இருக்கும். ஏரித் தண்ணீரை இழுத்து என்ஜினைச் சுற்றவிட்டுச் சூட்டைத் தணித்து வெளியே விடும். வெளித்தண்ணீரை இழுக்க முடிந்தால் உள்தண்ணீரை இழுக்க முடியாதா என்று யாரோ யோசித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். குழாயின் மறுமுனையில் ஒரு வடிகட்டியை மாட்டிப் படகின் அடியில் போட்டுவிட்டால், என்ஜின் ஓடும்வரை தண்ணீர் தானாக வெளியேறும்.

அன்றைய மரப்படகுகளைப் பார்த்தால் இதன் அருமை புரியும். குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் காய்ந்து பலகை சுருங்கிவிடும், வசந்தத்தில் ஏரியில் இறக்கியதும் மரம் ஊறி உப்புகிறவரை ஒவ்வொரு இணைப்பிலும் தண்ணீர் கசியும். தனியாக மீன் பிடிக்கப் போகிறவர் ஒரு கையில் மோட்டார் பிடியும் இன்னொரு கையில் தகர டப்பாவுமாக உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு அந்தக் கஷ்டம் தெரியும். எங்கள் ஊர் கோடியக்கரைப் பக்கம், சின்ன வயதில் அப்பாவோடு ஃபைபர் படகில் போனால் எனக்கு ஒரே வேலை, சாய்வாக வெட்டிய எண்ணெய் கேனால் தண்ணீர் இறைப்பது. அலை அடித்து உள்ளே வந்த தண்ணீரை நான் இறைத்து முடிப்பதற்குள் அடுத்த அலை வந்துவிடும், அப்பா அமரத்திலிருந்து, அதாவது படகின் பின்முனையிலிருந்து, ‘இறைடா, இறைடா’ என்பார்.

ஆனால் இதில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. என்ஜின் நின்றால் இறைப்பதும் நின்றது. ராத்திரி கரையில் கட்டிய படகில் மழை பெய்தால் அது என்ன செய்யும்? நடு ஏரியில் அலையில் என்ஜின் படுத்துக்கொண்டால்? எப்போது அவசரமோ அப்போதுதான் கைவிடும். நான் வாங்கிய மோட்டாரில் பழைய குழாய் காய்ந்த மட்டை மாதிரி இருந்தது, தொட்டதும் உடைந்தது. புதுக் குழாய் போட்டு இறங்கினேன். முதல் பத்து நிமிடம் பிரமாதம், காலடித் தண்ணீர் குறைவது கண்ணுக்கே தெரிந்தது. அப்புறம் ஒரே ஒரு மேப்பிள் இலை வடிகட்டியில் ஒட்டிக்கொண்டது, கதை முடிந்தது. மீன் செதில், மணல், பாசி என்று உள்ளே போகும் குப்பைக்கும் பம்பின் ரப்பர் இறக்கைக்கும் ஒத்தே வராது.

டென்மார்க்கின் ஒலிம்பிக் பாய்மர வீரர் பால் எல்வ்ஸ்ட்ரோம் பெயரிலேயே ஒரு இறைப்பான் உண்டு, அதற்கு மோட்டாரே வேண்டாம், படகு ஓடுகிற வேகமே தண்ணீரை இழுத்துவிடும். ஆனால் அதுவும் படகு நின்றால் நின்றுவிடும். கடைசியில் ஜெயித்தது மிதவையோடு வரும் பேட்டரி பம்ப்தான். தண்ணீர் ஏறினால் மிதவை ஏறும், பம்ப் ஓடும், நாம் வீட்டில் தூங்கலாம். 1956-இல் மரம் அறுக்கும் செயின்-சா செய்கிற மக்கல்லக் கம்பெனி ஸ்காட்-அட்வாட்டரை வாங்கியது. பலகை இணைப்பில் கசியாத அலுமினியப் படகும் ஃபைபர் படகும் பெருகப் பெருக, பெயில்-எ-மேட்டிக்கைத் தேடுகிறவர்களும் குறைந்துபோனார்கள்.

படக்குறிப்பை மட்டும் திருத்திவிடுங்கள். என் படகில் இன்றும் அமரத்தில் அந்த மோட்டார்தான் நிற்கிறது, காலடியில் சாய்வாக வெட்டிய கேன் ஒன்றும் கிடக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மினியாபொலிஸ்