குமிழில் தொங்கிய அட்டை

ஆசிரியருக்கு வணக்கம்.

வானொலி என்றாலே எனக்கு ஜெர்மனியின் ‘மக்கள் வானொலி’தான் நினைவுக்கு வருகிறது. 1933இல் 76 மார்க்குக்கு வந்த அந்தப் பெட்டியின் பெயரில் இருந்த 301, ஹிட்லர் பதவியேற்ற ஜனவரி 30ஐக் குறித்தது. 1938இல் 35 மார்க்குக்கே இன்னொன்று வந்தது. ஹிட்லரின் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸின் குரல் மலிவு விலையில் வீடுகளுக்குள் நுழைந்தது. இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் வானொலியின் நிலையம் மாற்றும் குமிழில் ஒரு சிறு அட்டையைத் தொங்கவிட்டார்கள்: வெளிநாட்டு நிலையங்களைக் கேட்பது குற்றம், கடுந்தண்டனை உண்டு. அப்படியும் போர்வைக்குள் தலையை நுழைத்து, ஒலியைக் குறைத்து, பிபிசிக்குக் காத்திருந்தவர்கள் இருந்தார்கள். கேட்ட செய்தியைப் பரப்பியதற்காகச் சிலர் உயிரையே இழந்தார்கள். அந்தக் காதுகளை நான் வணங்குகிறேன். வரலாற்றுப் பாடநூல்களில் போர்முனை வரைபடங்களுக்குப் பக்கத்தில் அந்த அட்டையின் படத்தையும் அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்